படப்புத்தகத்தோடு நேரம் போகிறது, எழுத்து எப்போது வரும்?

3 மார்ச் 2024, மாலை (கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்)

என் மகளுக்கு நாலரை வயது. வருகிற ஜனவரியில் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். அவள் போகும் முன்பள்ளியில் ஒவ்வொரு நாளும் ஒரு படப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கிழமை முழுவதும் ஒரே புத்தகம். கொப்பியைத் திறந்தால் கோடும் வட்டமும்தான் இருக்கின்றன. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிப் பிள்ளை இதே வயதில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதுகிறது. இப்படிப் படம் பார்த்துக்கொண்டிருந்தால் 247 எழுத்தும் எப்போது வரும்? முன்பள்ளி ஆசிரியைகள் யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 9.40

நான் கொட்டாஞ்சேனையில் பதினேழு வருடமாக முன்பள்ளி ஆசிரியை. இப்போது என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். உங்கள் மகளின் டீச்சர் சரியான வேலையைத்தான் செய்கிறார். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் அதிலுள்ள எழுத்தையெல்லாம் வெள்ளைக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுவேன். பிள்ளைகள் முதலில் படத்தைத்தான் படிக்க வேண்டும். எழுத்து கண்ணில் பட்டால் பெரியவர்களின் கண் அதன் பின்னால் ஓடிவிடும், வாய் வாசிக்கத் தொடங்கிவிடும், பிள்ளை பார்த்து முடிக்கும் முன்பே கை பக்கத்தைப் புரட்டிவிடும்.

ஒரு புத்தகத்தில் ஆச்சி ஒருவர் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: "ஆச்சி மிளகாய் காய வைத்தார்." வாசித்தால் மூன்று விநாடி. என் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்தார்கள். காகம் மிளகாய் தின்னுமா, மழை வந்தால் யார் அள்ளுவது, ஆச்சி ஏன் செருப்புப் போடவில்லை, பக்கத்தில் இருக்கும் பூனைக்குக் கண் எரியாதா என்று போனது பேச்சு. காரணம் கேட்கிறார்கள், நடக்கப்போவதை ஊகிக்கிறார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கிறார். நாளைக்கு ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளத் தேவையான வேலை முழுவதையும் எழுத்தே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு கொப்பியில் கோடு மட்டும் இருக்கிறதே என்று கவலைப்பட எனக்கு மனம் வருவதில்லை.

மூன்றாம் மாடிப் பிள்ளையை விட்டுவிடுங்கள். பன்னிரண்டு எழுத்தை வரைகிற கைக்கு அந்தப் பன்னிரண்டும் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

4 மார்ச், காலை

கீழே ஒருவர் இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்த நாகரிகம் என்று எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தது உண்மை. அண்மையில் வரவில்லை. கொமேனியஸ் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்காகப் படம் போட்ட பாடப்புத்தகத்தை நியூரம்பேர்க்கில் வெளியிட்டது 1658ஆம் ஆண்டில். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் லத்தீன் சொல்லும் ஜெர்மன் சொல்லும். தொடக்கத்தில் எழுத்து வரிசை ஒன்று வரும். அதில் காகம் கரைகிறது, செம்மறி கத்துகிறது, அந்தந்த ஒலிக்குப் பக்கத்தில் அந்தந்த எழுத்து நிற்கிறது. நம் அரிச்சுவடியில் "அ"வுக்கு அம்மாவும் "ஆ"வுக்கு ஆடும் நிற்கிறார்கள் அல்லவா, ஆனால் அந்த ஆடு கத்துவதில்லை. என் வகுப்பில் இன்று கத்த விட்டேன். நன்றாகவே கத்தியது.

9 மார்ச்

முதல் குறிப்பில் எழுதியதைத் திருத்த வேண்டும். படத்தைப் பிள்ளை தானாகவே படித்துவிடும், பெரியவர்கள் வழிவிட்டால் போதும் என்ற தொனி அதில் இருக்கிறது. அப்படி இல்லை. இந்தக் கிழமை இரண்டு விடயங்கள் நடந்தன.

ஒரு பக்கத்தில் பூனை சுவரில் ஏறுவதை நாலு நிலையில் வரைந்திருக்கிறார்கள்: கீழே பதுங்குகிறது, பாய்கிறது, தொங்குகிறது, மேலே நிற்கிறது. எத்தனை பூனை என்று கேட்டேன். மூன்றரை வயதுக்காரர்கள் எல்லோரும் "நாலு" என்றார்கள். அது ஒரே பூனை, நாலு நேரம் என்பதைப் பெரிய பிள்ளைகள் இருவர்தான் கண்டார்கள். சின்னவர்களுக்குச் சொல்லி விளக்கிப் பார்த்தேன், விளங்கவில்லை. பிறகு ஒரு பையனைச் சுவர் ஓரத்தில் பதுங்கச் சொன்னேன், பாயச் சொன்னேன், கதிரையில் ஏறி நிற்கச் சொன்னேன். "இப்போது எத்தனை பேர் ஏறினார்கள்?" "ஒருவன்." "அப்படியானால் பூனை?" கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி எழுந்து வந்து, நாலு பூனையையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதுதான் இது, இதுதான் இது" என்றாள்.

மற்றது யானை. பக்கத்தின் விளிம்பில் யானையின் முன்பாதி மட்டும் தெரிகிறது. மட்டக்குளியிலிருந்து வருகிற பையன் ஒருவன் முகம் வாடிவிட்டது. யானையை வெட்டிவிட்டார்களா என்று கேட்டான். நான் பதில் சொல்லும் முன்பே எழுந்து வந்து, தாளைப் புரட்டிப் பின்பக்கத்தில் மிச்ச யானையைத் தேடினான். அங்கே ஒரு குளம்தான் இருந்தது. அவனுக்கு நான் சொன்ன விளக்கம் எதுவும் போதவில்லை. கதவுக்கு வெளியே போய்ப் பாதி உடம்பை மட்டும் உள்ளே நீட்டிக் காட்டினேன். சிரித்தான், ஆனால் யானை விடயத்தில் அவன் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே படம் படிப்பதும் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்றுதான். ஓரத்தில் வெட்டுப்பட்ட உருவம், தூரத்தில் சின்னதாகத் தெரியும் மரம், ஓட்டத்தைக் காட்டும் கோடுகள் எல்லாவற்றுக்கும் இலக்கணம் இருக்கிறது. நமக்கு அது எப்போதோ பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை.

10 மார்ச்

கேட்டிருந்தீர்கள்: மகள் வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசிப்பதுபோலச் சொல்கிறாள், ஆனால் எல்லாம் மனப்பாடம், இது ஏமாற்று இல்லையா என்று. இல்லை அம்மா. சரியான பக்கத்தில் சரியான வாக்கியத்தைச் சொல்கிறாளா என்று மட்டும் பாருங்கள். சொன்னால், இந்தப் பக்கத்துக்கு இந்தச் சொற்கள், அவை மாறுவதில்லை என்று பிடித்துக்கொண்டாள். அது பெரிய விடயம்.

21 மார்ச்

சொற்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்தேன். கொழும்பில் கிடைக்கும் தமிழ்ப் படப்புத்தகங்களில் நிறையத் தமிழ்நாட்டில் அச்சானவை. அவற்றில் நாற்காலி, பப்பாளி, வேர்க்கடலை, எலுமிச்சை. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது கதிரை, பப்பாசி, கச்சான், தேசிக்காய். சோப்பு அவர்களுக்குச் சவர்க்காரம், பிரெட் அவர்களுக்குப் பாண். ஆரம்ப காலத்தில் இந்தச் சொற்களின் மேல் கடதாசி ஒட்டி எங்கள் சொல்லை எழுதிவிடுவேன். பிள்ளைக்குத் தன் வீட்டுச் சொல் புத்தகத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் வேறு யாருக்கோ எழுதியது என்று தோன்றிவிடும் என்பது என் எண்ணம். அந்த எண்ணம் இன்றும் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லை மாற்றி ஒட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நிறுத்திய கதை இது. ஒரு நாள் ஒட்ட மறந்து "நாற்காலி" என்று வாசித்துவிட்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். படத்தைக் காட்டினேன். "கதிரை!" என்று பாதிப் பேர் கத்தினார்கள். வீட்டில் சிங்களமும் பேசுகிற ஒரு பிள்ளை "புட்டுவ" என்றாள். ஒரு பொருளுக்கு மூன்று பெயர். பிறகு ஒருவன் கேட்டான், நாற்காலியில் காலி என்றால் என்ன என்று. நாலு கால் என்று சொன்னேன். இருபத்திரண்டு பேரும் கீழே குனிந்து தங்கள் பிளாஸ்டிக் கதிரைகளின் கால்களை எண்ணினார்கள். அலுவலக அறையில் ஒரு சுழல் கதிரை இருக்கிறது, அதற்கு ஐந்து கால். அதைக் கண்டுபிடித்து வந்தவள் "டீச்சர், அது ஐந்துகாலி" என்றாள். ஒரு சொல்லைத் திறந்து உள்ளே பார்க்க முடியும் என்று நாலு வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய சொத்து! நான் கடதாசி ஒட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. சொல்லை மாற்றிச் சொல்லலாம், படத்திலுள்ள உலகத்தை என்ன செய்வது? கிணற்றைக் காட்டினால் "மூடி இல்லாத டாங்கி" என்கிறார்கள். விறகடுப்பைக் காட்டினால் வீடு எரிகிறது என்று பயப்படுகிறார்கள். அவர்கள் வீட்டில் காஸ் அடுப்பு, குழாய்த் தண்ணீர், மின்தூக்கி, கீழே ஓட்டோ. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைத் தினமும் தூரத்தில் பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் தெரு இருக்கிற தமிழ்ப் படப்புத்தகத்தை நான் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

2 ஏப்ரல்

பேசாத பிள்ளையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். என் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். இரண்டு மாதம் வட்டத்தில் உட்கார்ந்தான், ஒரு சொல் பேசவில்லை. நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். இது என்ன, இது என்ன நிறம், இது எங்கே போகிறது. ஒரு நாள் உதவி ஆசிரியை பின்னால் உட்கார்ந்து எண்ணினார். ஒரு புத்தகத்துக்கு நாற்பத்தொரு கேள்வி, அதில் முப்பதுக்கு மேல் ஒரே சொல்லில் பதில் வருகிறவை. அந்தத் தாளை அவர் என்னிடம் நீட்டியபோது நெஞ்சு கனத்தது. பரீட்சை நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயிற்சியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றாருக்குப் படப்புத்தகத்தை வைத்துப் பேசும் முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையைச் சொல்ல விடுவது, சொன்னதை ஏற்பது, அதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பித் தருவது. ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட முன்னே போயிருந்தது. புத்தகம் வாசிப்பது இரண்டு பக்கமும் நடந்ததுதான், பேசிய விதம்தான் வேறு.

இப்போது கேள்வியைக் குறைத்துவிட்டேன். பக்கத்தைத் திறந்து, நானும் பார்க்கிறேன். மனதுக்குள் இருபது வரை எண்ணுகிறேன். அது மிக நீளமான இருபது. "நாய்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஆம், நனைந்த நாய்" என்கிறேன். அடுத்தவர் "நனைந்த நாய் நடுங்குது" என்கிறார். அந்தப் பையன் மூன்றாம் கிழமையில், யாரும் கேட்காமலே, "அதற்குத் துவாய் இல்லை" என்றான். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்னத் துவாய் கொண்டுவந்து அந்தப் பக்கத்தின் மேல் போட்டான். இப்போதும் அந்தப் புத்தகத்துக்குள் அது இருக்கிறது.

3 ஏப்ரல்

பின்வரிசைக்குப் படம் தெரியவில்லை என்ற பிரச்சினைக்கு: பெரிய புத்தகம் செய்யுங்கள். நியூசிலாந்தில் ஹோல்டவே என்ற ஆசிரியர் இதைப் பற்றி 1979இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். மடியில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்தும் படமும் தெரிவதுபோல வகுப்பு முழுவதற்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பிரிஸ்டல் அட்டையில் வரைந்து, மேலே துளையிட்டு நாடா கட்டினால் போதும். நான் செய்தது ஆறே தாள். ஐந்து வருடமாக இருக்கிறது.

24 மே

நேற்று வெசாக். தெரு முழுவதும் வெசாக் வெளிச்சக்கூடு தொங்குகிறது, பிள்ளைகளும் முந்தாநாள் கூடு செய்துவிட்டுத்தான் கதைக்கு உட்கார்ந்தார்கள். ஆனால் எழுத வந்தது வேறு. முதல் நாள் எழுதிய பெரிய கூற்றை, எழுத்தை மறைக்க வேண்டும் என்றதை, பாதிக்கு மேல் திரும்பப் பெறுகிறேன்.

என் வழக்கம் எப்படியிருந்தது என்றால், எழுத்தை மறைத்துவிட்டுக் கதையை நான் பேச்சில் சொல்லிவிடுவேன். பிள்ளைக்கு விளங்க வேண்டுமே என்று. நல்ல நோக்கம். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு தமிழ் இருக்கிறது. வீட்டில் நாய் "ஓடுது". புத்தகத்தில் நாய் "ஓடுகிறது". வீட்டில் ஒருவரும் "சென்றான்" என்று சொல்வதில்லை, "ஆகையால்" என்று சொல்வதில்லை. தரம் ஒன்றில் பாடநூலைத் திறக்கிற பிள்ளைக்கு எழுத்து புதிது என்பது ஒன்று, அந்த எழுத்துக்குள் இருக்கிற தமிழும் புதிது என்பது இன்னொன்று. இரண்டு பாரத்தையும் ஒரே நாளில் தூக்க வைக்கிறோம். எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு, வாசித்தது என்னவென்று தெரியாமல் விழிக்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சோம்பல் என்று அவர்களைத் திட்டுவார்கள்.

அந்தத் தமிழைப் பிள்ளை காதால் கேட்டுப் பழகக்கூடிய இடம் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, அது மடியில் திறந்திருக்கும் படப்புத்தகம். படம் பொருளைச் சொல்லிவிடுகிறது. அதனால் "சென்றது" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. யானை காட்டுக்குள் போவது கண் முன்னால் தெரிகிறது, காதில் "சென்றது" விழுகிறது. பதினேழு வருடத்தில் எத்தனை வருடம் அந்தச் சொற்களைக் கடதாசி ஒட்டி மூடிவைத்தேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதை எனக்குக் காட்டியது ஒரு சிறுமி. இந்த மாதம் பரீட்சித்துப் பார்ப்பதற்காக ஒரு புத்தகத்தை உள்ளபடியே, ஒரு சொல் மாற்றாமல், ஆறு நாள் வாசித்தேன். ஏழாம் நாள் மணல் பெட்டியில் மர யானையை நகர்த்திக்கொண்டு தனக்குத்தானே சொன்னாள்: "யானை மெல்ல மெல்லச் சென்றது. இருள் சூழ்ந்தது." வீட்டில் மீன் வியாபாரம், பேச்சில் மூன்று மொழியும் கலந்து வரும். "இருள் சூழ்ந்தது" என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது என் ஒழுங்கு இது. முதல் நாள் எழுத்தை வாசிப்பதே இல்லை, படம் மட்டும், மௌனம், அவர்கள் பேச்சு. இரண்டாம் நாளிலிருந்து உள்ளபடி வாசிப்பு, விரல் வரியின் கீழ். பேச்சுத் தமிழ் எங்கள் உரையாடலுக்கு, எழுத்துத் தமிழ் புத்தகத்தின் குரலுக்கு. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பிள்ளைகள் ஒருபோதும் குழம்புவதில்லை. குரல் மாறியதுமே நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

25 மே

கேட்டவர்களுக்கு: கடதாசிகளை உரித்தேன். சில பக்கங்களில் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. அவற்றைக் கையால் எழுதியிருக்கிறேன்.

14 ஜூன்

மழை. பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள், எல்லோர் கையிலும் குடை. குடைக்காகவே வைத்திருக்கிற புத்தகத்தை எடுத்தோம். சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி, தானே படம் வரைந்த 'குட ஹொரா' (குடைத் திருடன்), 1956இல் வந்த கதை. கிராமத்துக்கு ஒருவர் குடை வாங்கி வருகிறார், அது காணாமல் போகிறது, மறுபடி வாங்குகிறார், மறுபடி போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு, அவை சிந்திய வழியே போய்த் திருடனைக் கண்டுபிடிக்கிறார். யார் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் மகளோடு பாருங்கள்.

என்னிடம் இருப்பது சிங்களப் பிரதி. சிங்களம் பேசும் எங்கள் உதவி ஆசிரியை ஒரு பக்கம் வாசிப்பார், நான் அதே பக்கத்தைத் தமிழில் சொல்வேன். அவர் "குட" என்றதும் எங்கள் பிள்ளைகள் "குடை!" என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எழுத என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பாஷைக்குள் தங்கள் சொல் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டுவிட்டார்கள். கதையை எழுதிய சிபில் வெத்தசிங்க அம்மையார் 2020 ஜூலையில் காலமானார். கொழும்பில் எந்த மொழிப் பிள்ளையையும் அந்தப் படங்களின் முன் உட்கார வையுங்கள். இது எங்கள் மண், எங்கள் மழை. மார்ச்சில் நான் குறைப்பட்டுக்கொண்டதற்கு ஒரு சின்ன ஆறுதல்.

15 ஜூன்

புத்தகம் வாங்கக் காசில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்களிடமும் இல்லை. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம். கைபேசி இருந்தால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அச்சிட்டுக்கொள்ளவும், சொற்களை மாற்றிக்கொள்ளவும் உரிமையும் தந்திருக்கிறார்கள். ஆனால் கைபேசித் திரையில் காட்டாதீர்கள், தயவுசெய்து அச்சிடுங்கள். பக்கம் புரளும்போது வருகிற அந்த ஒரு நொடி எதிர்பார்ப்பு, விரல் தள்ளும்போது வருவதில்லை. நாலு தாளை நடுவில் மடித்துக் கம்பி அடித்தால் பதினாறு பக்கப் புத்தகம். அதில் பிள்ளைகளே வரையட்டும், நீங்கள் அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

2 ஜூலை

அம்மா, உங்கள் செய்தி கண்டேன். மகள் பாண் பையிலிருக்கும் "பா"வைக் காட்டி, பாப்பாவின் "பா" என்றாளா! கொப்பியில் அதை எழுத வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் கேட்டால் எழுதிக் காட்டுங்கள். பென்சிலை எங்கே வைத்து எங்கே எடுப்பது என்பதைச் சரியாகக் காட்டுங்கள், அது முக்கியம். முதல் நாள் நான் எழுத்தைப் பற்றி அலட்சியமாகப் பேசிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் பயம் நியாயமானது. தரம் ஒன்றில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரப்போகிற பிள்ளை அவள்.

19 ஜூலை

யானையைத் தேடிய பையன் இன்று புத்தகம் செய்தான். மடித்த தாள்களைத் தந்தேன். வலப்பக்கத்தில், விளிம்போடு ஒட்டி, தலையும் தும்பிக்கையும் முன்னங்கால் இரண்டும். பிறகு தாளைப் புரட்டி, அதே உயரத்தில் விரலை வைத்து அளந்து, பின்னங்கால், வால். பக்கத்திலிருந்த பிள்ளைக்குத் திறந்து காட்டினான். அவள் முன்பாதியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "புரட்டு" என்றான்.

பிறகு என்னிடம் வந்து கீழே எழுதச் சொன்னான். நான் பேனையை எடுத்ததும் குரலை மாற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "யானை முழுவதும் வந்தது." எழுதினேன். கம்பி எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று அவனே காட்டினான்.